இரண்டு பக்கமும் கேட்டவர்

சபதம் எடுக்க ஒரு மனிதனுக்கு நல்ல இடம் வேண்டும். நான் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கீழே பழனி மலை தெரியும். அன்று தெரியவில்லை. ஒரே பனிமூட்டம். எனக்கு முருகன் தெரியாவிட்டால் என்ன, முருகனுக்கு நான் தெரிவேன் என்று உத்தேசமாக ஒரு திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"முருகா, தண்டாயுதபாணி என்று உன் பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள். அந்த உரிமையில் சொல்கிறேன். மேற்கு அறையை விடமாட்டேன். உயிரே போனாலும் விடமாட்டேன்."

பக்கத்தில் நின்ற ஒருவர் என் தோளைத் தொட்டார்.

"அண்ணே, பழனி அந்தப் பக்கம். நீங்க கும்பிட்டது வண்டி நிப்பாட்டுற எடத்த."

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்களுக்கு ஒரு பழைய ஓட்டு வீடு. வீடு முழுக்க ஈரம். மழைக்காலத்தில் பெல்ட்டில் பூசணம் பூக்கும், செருப்பில் பூக்கும். கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தால் என் மேலும் பூக்கும் என்பாள் என் மனைவி விசாலாட்சி. வனத்துறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் அதிகம் அசைவதில்லை என்பது அவளுடைய நீண்டநாள் புகார்.

அந்த வீட்டில் ஈரம் ஏறாத அறை ஒன்றே ஒன்றுதான். மேற்கு அறை. வெள்ளைக்காரர் காலத்துக் கணப்பு ஒன்று அதில் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படி. இரண்டு பக்கச் சூட்டிலும் அறை அப்பளம் மாதிரிக் காய்ந்திருக்கும். அங்கேதான் என் இசைத்தட்டுகள் இருந்தன. 'இருந்தன' என்று எழுத வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

கொடைக்கானலில் வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குப் புறப்படும்போது வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்பார்கள். ஊரே போய்க் கம்பளி வாங்கும், பீங்கான் வாங்கும், இஸ்திரிப் பெட்டி வாங்கும். விசாலாட்சியும் என்னைக் கம்பளி வாங்கத்தான் அனுப்பினாள். செண்பகனூர் பக்கம் ஒரு பங்களா காலியாகிக்கொண்டிருந்தது. நான் போனேன். ஜெர்மன்காரர் ஒருவர் ஆர்கன் வாசித்த இசைத்தட்டோடு வந்தேன். அன்று இரவு அதைத்தான் போர்த்திக்கொண்டு படுங்கள் என்றாள். இப்படியே ஒவ்வொரு பங்களாவாகக் காலியானது. என் அலமாரி நிறைந்தது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் கம்பளிக்குப் பஞ்சம்.

ஒவ்வொரு ஆல்பத்தைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு. அந்த ஜெர்மன் ஆர்கனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மனிதன் தனியாக உட்கார்ந்து வானத்தோடு வழக்காடுகிறான். முதல் பக்கம் வாதம். இரண்டாம் பக்கம் தீர்ப்பு. தீர்ப்பு அவனுக்கு எதிராகத்தான் வருகிறது. கல்யாணமானவர்களுக்கு அது சட்டென்று புரியும். அப்புறம் நான்கு சடாமுடிப் பையன்களின் ஆங்கில ராக் ஆல்பம். நடுவில் ஒருவன் மட்டும் டிரம்மைப் போட்டு அடி அடி என்று அடிப்பான். மற்ற மூன்று பேரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள், அவனுக்கு யாரும் சொல்லவில்லை என்பது என் கருத்து. அமெரிக்க டிரம்பெட் ஒன்று இருக்கிறது. ஏதோ சொல்ல வருவார், வாய்வரை வரும், சொல்லாமலே போய்விடுவார். அதுதான் ஜாஸ் என்பது என் கருத்து. சிதார் ஆல்பத்தில் முதல் பக்கம் முழுக்க ஆலாபனை. அவசரக்காரர்கள் அதைக் கேட்கவே கூடாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பக்கத்து வீட்டு அழகையா கொடுத்த பைலா ஆட்டப்பாட்டுத் தட்டு ஒன்றும் உண்டு. இசை சுமார்தான். ஆனால் அது நம் காலுக்குத் தெரிவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே என் நாதசுரத் தட்டு. கோயில் புறப்பாட்டில் நேரடியாகப் பதிவு செய்தது. இரண்டாம் பக்கத்தில் ராகம் உச்சிக்குப் போய் நிற்கும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது எவரோ ஒருவர் இருமுவார். அந்த இருமல்தான் அந்த ஆல்பத்தின் உயிர் என்பது என் கருத்து. அது இல்லாவிட்டால் வெறும் சங்கீதம். அது இருப்பதால் நாமும் அந்த வீதியில் நிற்கிறோம்.

இந்தக் கருத்தையெல்லாம் இதுவரை யாரும் கேட்டதில்லை. காதாலும் கேட்டதில்லை, வாயாலும் கேட்டதில்லை. காரணம் என் சட்டம். ஒரு ஆல்பத்தைப் போட்டால் இரண்டு பக்கமும் முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. நடுவில் ஊசியை எடுக்கக் கூடாது. என்னைத் தவிர வேறு யாரும் பேசக் கூடாது. இந்தச் சட்டத்துக்குப் பயந்து என் சொந்தக்காரர்கள் வாசலிலேயே நின்று கல்யாணப் பத்திரிகை கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இப்படி நான் நிம்மதியாக, யாருமே கேட்காமல் வாழ்ந்துகொண்டிருந்தபோதுதான் விசாலாட்சி ஆரம்பித்தாள்.

"ஏங்க, சீசன் வரப்போகுது. அந்த மேக்கு ரூமு சும்மாதான கெடக்கு?"

"சும்மாவா? அலமாரி நெறைய ரெகார்டு இருக்கு!"

"அதத்தான் சும்மா கெடக்குன்னு சொல்றேன்."

"விசாலம், அதுல உலகமே இருக்கு. ஜெர்மனி இருக்கு, அமெரிக்கா இருக்கு…"

"உலகத்த ஸ்டோர் ரூமுல வச்சுக்கங்க. ஊருல எல்லாரும் சீசனுக்கு ரூமு விடுறாங்க. நம்மகிட்ட ஃபயர் பிளேஸோட ஒரு ரூமு இருந்தும் நம்ம பூட்டி வச்சிருக்கோம்."

எங்கள் ஊரில் இது ஒரு வழக்கம். சீசன் வந்தால் நல்ல அறை, நல்ல கட்டில், நல்ல போர்வை எல்லாம் மலை ஏறிச் சுற்றிப்பார்க்க வரும் கீழ்நாட்டுக்காரருக்குப் போய்விடும். குடும்பம் அடுப்படிக்குக் குடிபோகும். அழகையா சீசன் முழுக்க அடுப்படியில்தான் படுப்பார். போன வருஷம் தூக்கத்தில் புரண்டு இட்லிக் கொப்பரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் மனைவி மூக்கம்மா அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அதற்குத்தான் நான் போய் அந்தச் சபதத்தை எடுத்தது. சபதத்தோடு ஒரு திட்டமும் கிடைத்தது. எதிர்த்தால்தானே தோற்போம்? ஒத்துக்கொள்வோம். ஒத்துக்கொண்டு, வருகிறவர்களை ஓட வைப்போம். ஓடியவர்கள் சும்மா ஓடமாட்டார்கள், போனில் நட்சத்திரம் போடும் இடத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டு ஓடுவார்கள். விசாலாட்சி தானாக ஓய்வாள்.

"சரி, ரூமை விடு. ஆனா ரெகார்டெல்லாம் அங்கயேதான் இருக்கும். ஸ்டோர் ரூமுல வச்சா பூசணம் புடிச்சிரும். அப்புறம், வர்றவங்களுக்குத் தினம் சாயங்காலம் ஒரு ஆல்பம் போட்டு நான் விளக்கம் சொல்லுவேன்."

"சரிங்க" என்றாள்.

என் மனைவி யோசிக்காமல் சரி என்று சொன்னால், நான்தான் யோசிக்க வேண்டும். அன்று யோசிக்கவில்லை.

முதலில் வந்தது ஈரோட்டு ஜவுளிக்காரர் குடும்பம். ஆர்கனைப் போட்டேன். வழக்கு, வாதம், தீர்ப்பு எல்லாம் விளக்கினேன். ஜவுளிக்காரர் முதல் பக்கத்தின் பாதியிலேயே எழுந்தார்.

"ஏனுங்க, ஏரிக்குப் போற வழி எதுங்க?"

"உட்காருங்க. இன்னும் தீர்ப்பு வரல."

"நாங்க வாய்தா வாங்கிக்கறமுங்க" என்று குடும்பத்தோடு போய்விட்டார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழையில் ஏரியைச் சுற்றினாலும் சுற்றுவோம், இங்கே உட்கார மாட்டோம் என்று போன குடும்பத்தை அப்போதுதான் பார்த்தேன்.

அடுத்து சென்னையிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி. சிதாரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். முதல் பக்கம் முழுக்க ஆலாபனை என்று சொன்னேன் அல்லவா? மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். நான் சிதாரைப் பார்த்தேன். பெண் ஜன்னலைப் பார்த்தாள்.

"அங்கிள், நீங்க போய் ரெஸ்ட் எடுங்களேன்."

"எனக்கு என்னப்பா களைப்பு? ரெண்டாம் பக்கத்துலதான் தபலாவே வரும்."

"நாங்க தனியா கேட்டுக்கிறோம் அங்கிள்."

"தனியாக் கேட்டா நுணுக்கம் தெரியாது. நான் இருக்கேன், கவலப்படாதீங்க."

மறுநாள் வெள்ளனே அறையைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். போகும்போது அந்தப் பெண் விசாலாட்சியின் கையைப் பிடித்து, "பாவம் ஆன்ட்டி நீங்க" என்றதாம். அதை விசாலாட்சி எனக்கு இரண்டு முறை சொன்னாள். மூன்றாவதாக வந்த கல்லூரிப் பையன்கள் ராக் ஆல்பத்துக்காவது மடங்குவார்கள் என்று பார்த்தேன். ஒருவன் ஆடினான். பலகைத் தரை அதிர்ந்தது. ஊசி எகிறியது. இன்னொருவன், "அங்கிள், இதுல ப்ளூடூத் இருக்கா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பிறகு நான் அன்று சாப்பிடவில்லை.

திட்டம் அமோக வெற்றி. வாசலில் அழகையாவிடம் சொல்லி அழுதேன்.

"எல்லாரும் ஓடணும்னுதான துரை போட்டீங்க? ஓடிட்டாங்க. அப்புறம் என்னத்துக்கு அழுறீங்க?" என்றார் அழகையா.

"ஓடணும்னுதான் போட்டேன் அழகையா. ஆனா நான் போட்டது எல்லாமே எங்கிட்ட இருக்கிறதுலயே நல்ல ரெகார்டு."

"மட்டமானதப் போட வேண்டியதுதான?"

"எங்கிட்ட மட்டமானது இல்லையே!"

"அன்னிக்கு நான் குடுத்தத…"

"அது சுமார்."

அழகையா கோபித்துக்கொண்டு உள்ளே போனார். நான் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் துக்கம் பொங்கியது. உலகத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள். இத்தனை பேருக்கும் இரண்டு காது இருக்கிறது. அந்த இருமல்வரை என்னோடு உட்கார ஒரு ஆள் கிடையாது. நான் செத்தால் இந்தக் கருத்துகளும் என்னோடு போய்விடும். ஊசி உராய்வதை மட்டும் கேட்டபடி அன்று வெகுநேரம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். விசாலாட்சி வந்து எட்டிப் பார்த்தாள். அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

அடுத்த வாரம் வந்தாள் சுதாராணி. கன்னிவாடிப் பெண். வங்கியில் அதிகாரி. இங்கே மாற்றலாகி வந்து, தங்க இடம் கிடைக்காமல் அலைகிறாளாம்.

"ஒரே ஒரு ராத்திரிதாங்க. பாவம், நம்ம பக்கத்துப் புள்ள" என்றாள் விசாலாட்சி.

ஒரு இரவு என்ன, ஒரு பக்கத்திலேயே ஓட்டிவிடலாம் என்று நாதசுரத்தைப் போட்டேன். சுதாராணி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். போனை எடுக்கவில்லை. ஏரிக்கு வழி கேட்கவில்லை. முதல் பக்கம் முடிந்தது. நான் எழுவதற்குள், "திருப்பிப் போடுங்க சார், ரெண்டாம் பக்கத்துலதான விஷயமே இருக்கு" என்றாள். திருப்பினேன். ராகம் உச்சிக்குப் போனது. நின்றது. இருமல் வந்தது.

"ஆகா!" என்றாள் சுதாராணி. "இந்த இருமல்தான் சார் இதுக்கு உசுரு. இது இல்லேன்னா வெறும் சங்கீதம். இது இருக்கிறதால நம்மளும் அந்தத் தெருவுல நிக்கிறோம்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். என் மனதில் இருப்பதை அப்படியே சொல்கிறாளே! ஜாஸைப் போட்டேன். "ஏதோ சொல்ல வர்றாரு, சொல்லாமப் போயிடுறாரு, இல்லையா சார்?" என்றாள். ராக் ஆல்பத்தைப் போட்டேன். "மத்த மூணு பேரும் டீ குடிக்கப் போயிட்டாங்க போல" என்றாள். நான் அழுதேவிட்டேன். உயர்ந்த ரசனை உள்ள இருவர் தனித்தனியாக யோசித்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து சேர்வார்கள் என்று அன்றைக்குக் கண்டுகொண்டேன்.

நேராக அடுப்படிக்கு ஓடினேன்.

"விசாலம்! அந்தப் பொண்ணு எங்கயும் போகக் கூடாது. மேக்கு ரூமை வருஷம் முழுக்க அதுக்கே குடுத்துருவோம்!"

"ஐயோ, வேண்டாங்க! உங்க ரூமுல்ல?"

"எனக்கு எதுக்கு ரூமு?"

"ரெகார்டெல்லாம் எங்க வப்பீங்க? அந்தப் புள்ளைக்குக் கட்டில் போடணும், பீரோ போடணும்."

"ஸ்டோர் ரூமுல வச்சுக்கிறேன்."

"பூசணம் புடிக்குமே. வேண்டாங்க. நான் இதுக்கு ஒத்துக்கவே மாட்டேன். கோயில்ல வேற என்னமோ சொல்லிட்டு வந்தீங்களே?"

"நான் கும்பிட்டது வண்டி நிறுத்துற இடத்தை! அந்தச் சபதம் செல்லாது!"

"யோசிச்சுச் செய்யுங்க. அப்புறம் எம்மேல பழி போடக் கூடாது."

"முருகனே எறங்கி வந்து தடுத்தாலும் கேக்க மாட்டேன். நீ தள்ளு."

நானே சுமந்தேன். ஜெர்மனியைச் சுமந்தேன். அமெரிக்காவைச் சுமந்தேன். அடுப்படிக்குப் பின்னாலிருக்கும் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தால் ஆச்சரியம். வெள்ளையடித்திருந்தது. சுவரில் புதுப் பலகைகள் அடித்திருந்தன. என் தட்டுகள் நிற்கும் உயரத்துக்கு அளவெடுத்து அடித்த பலகைகள். சுவருக்கு வெளியே புதிதாகப் போட்டிருந்த வெந்நீர் அடுப்பின் சூடு ஏறி, அந்த அறையும் காய்ந்துதான் இருந்தது.

"இது எப்ப அடிச்சது?"

"பெருக்கினேன், அப்படியே அடிச்சேன். வெரசா அடுக்குங்க, எனக்குச் சோலி கெடக்கு" என்றாள்.

ரசிகை கிடைத்த சந்தோஷத்தில் இருப்பவன் பலகையை ஆராய்வானா? அடுக்கினேன். மறுநாள் சாயங்காலம் சுதாராணி வங்கியிலிருந்து வந்ததும் சிதார் தட்டோடு போய் மேற்கு அறைக் கதவைத் தட்டினேன்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது.

"என்ன சார்?"

"சிதார்மா. முதல் பக்கம் முழுக்க ஆலாபனை."

சுதாராணியின் முகம் சுண்டியது. நல்ல பெண், பொய்யை ரொம்ப நேரம் சுமக்கத் தெரியவில்லை.

"சார், தப்பா நெனைக்காதீங்க. எனக்குப் பாட்டுன்னாலே தலவலி வரும். எனக்கு ரூமு வேணும்ங்கிறதால உங்க வீட்டம்மா சொல்லிக் குடுத்தத அப்படியே ஒப்பிச்சேன். எந்தெந்த எடத்துல 'ஆகா' சொல்லணும்னுகூட அவங்கதான் சொன்னாங்க. நீங்க போட்ட எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்தாங்க. சிதாருக்கும் குடுத்தாங்க. சொல்லவா சார்?"

"வேண்டாம்மா" என்றேன்.

"'அவசரக்காரங்க இதக் கேக்கவே கூடாது.' அதான் சார் சிதாருக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் அறைக்கு வெளியே, என் கருத்தை நானே வாங்கிக்கொண்டு நின்றேன். அதைவிடக் கேவலமாக நான் எங்கேயும் நின்றதில்லை. அடுப்படிக்குப் போனேன். விசாலாட்சி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"ஏமாத்திட்டியே விசாலம்."

"நானா? நான்தான் வேண்டாம் வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டேனே. மூக்கம்மாகூடக் கேட்டுக்கிட்டு இருந்தா. வேணும்னா கூப்பிடவா, சாட்சிக்கு?"

"அந்தப் பொண்ணுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்திருக்க!"

"வேற என்ன பண்றது? வர்றவுகள எல்லாம் நீங்க ஓட வச்சா, ஓடாத ஆளு ஒண்ணத் தயார் பண்ணித்தான ஆகணும்?"

நியாயம்தான். ஆனால் என் மூளையில் வேறு ஒன்று குடைந்தது.

"அது போகட்டும். அந்த இருமல் எங்க வரும்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ ஒரு நாளும் அந்த ரூமுல வந்து உட்கார்ந்ததில்லையே?"

விசாலாட்சி கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, நடுவுல இருக்கிறது ஒத்தச் செவரு. நீங்க அந்தப் பக்கம் உக்காந்துட்டீங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்தப் பக்கம் நிக்கிறது யாரு? அந்த ஆர்கனுக்கு மொதப் பக்கம் முடிஞ்சா இட்லி வெந்துரும். சிதாருக்குத் தபலா விழுந்தா பருப்பு குழைஞ்சிரும். அந்த ஆளு இருமுனா நான் பால எறக்கிருவேன், இல்லேன்னா பொங்கிரும். நீங்க யாருமில்லாத ரூமுல சத்தமா வெளக்கம் சொல்லிக்கிட்டு இருப்பீங்களே, அதுவுந்தான் காதுல விழும். ஒரு ரெகார்டு விட்டதில்ல. ரெண்டு பக்கமும் கேட்டிருக்கேன்."

கண் கலங்கியது. அறை போனால் போகட்டும். சபதம் போனால் போகட்டும். உலகத்தில் ஒரு ஆள் இல்லையே என்று புலம்பினேனே, அந்த ஆள் இத்தனை வருஷமாக ஒரு சுவர் தள்ளி நின்றிருக்கிறாள்! ஒரு ஆல்பம்கூட விடாமல், ஒரு கருத்துகூட விடாமல் கேட்டிருக்கிறாள்! அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

"விசாலம், மறைக்காமச் சொல்லு. இத்தனை ஆல்பம் கேட்டிருக்கியே, உனக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

நிஜமாகவே யோசித்தாள். முகம் கனிந்தது.

"ஒண்ணு இருக்குங்க. எப்பவாவதுதான் வரும். ஆனா அதக் கேட்டா மனசெல்லாம் அப்படியே லேசாயிரும்."

"எது? நாதசுரமா? டிரம்பெட்டா? சொல்லு விசாலம், இப்பவே போடுறேன்!"

"கரண்டு போனதும் வருமே, அதுங்க."